ஸ்பீட் டெஸ்ட் சூப்பர், வெளிநாட்டு கால் மட்டும் திணறுது, ஏன்?

கேள்வி: கடல்ல கேபிள் அறுந்துடுச்சுன்னு நியூஸ் வந்ததுலேர்ந்து வெளிநாட்டு ஆபீஸ் கூட வீடியோ கால் விட்டு விட்டு வருது. ஸ்பீட் டெஸ்ட்ல குறையே இல்ல, யூடியூபும் ஓடுது. கனெக்‌ஷன மாத்திடவா?

பதில்: அவசரப்படாதீங்க. ஸ்பீட் டெஸ்ட் பொதுவா பக்கத்துல இருக்கற சர்வரத் தொட்டுட்டுதான் வரும், யூடியூபும் பெரும்பாலும் பக்கத்துல காப்பி வச்சிருக்கற சர்வர்லேர்ந்துதான் வருது, ரெண்டும் கடலத் தாண்டறதே இல்ல. உங்க கால் தாண்டுது.

ஒரு கேபிள் அறுந்தா டிராஃபிக் வேற கேபிள்ல சுத்திப் போகும். கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. தான் போகும், அதனால 10,000 கி.மீ. கூடுதலா சுத்தினா போய்வர 100 மில்லிசெகண்ட் ஏறிடும், எவ்ளோ காசு குடுத்து பிளான ஏத்தினாலும் இது குறையாது. 2025 செப்டம்பர்ல செங்கடல்ல கேபிள்கள் அறுந்தப்போ மைக்ரோசாஃப்ட்டோட கிளவுட் சர்வீஸான அஸ்யூர்லயே தாமதம் கூடுச்சு.

ஆபீஸ் சர்வருக்கு பிங் போட்டுப் பாருங்க, அதாவது ஒரு சின்ன சிக்னல் அங்க போய்த் திரும்பி வர எத்தன மில்லிசெகண்ட் ஆகுதுன்னு பாக்கற கமாண்ட். நம்பர் ஏறி அப்படியே நிலையா நின்னா ரூட் மாறியிருக்கு, கால் ஓரளவு சமாளிக்கும். நம்பர் தாறுமாறா குதிச்சு நடுநடுவுல டைம் அவுட் (பதிலே வராம போறது) வந்தா அந்த மாத்து வழி நெரிசல்ல திணறுதுன்னு அர்த்தம், கால் கெடறது இதனாலதான்.

ரெண்டாவது கனெக்‌ஷன் வாங்கறதுக்கு முன்னாடி வேற கம்பெனி மொபைல் ஹாட்ஸ்பாட்ல அதே பிங் போடுங்க. ரெண்டு கம்பெனியும் ஒரே கேபிள்லயே கெபாசிட்டி வாங்கியிருந்தா ரெண்டுலயும் ஒரே கதைதான், காசு வேஸ்ட். விபிஎன் (உங்க டேட்டாவ வேற ஒரு சர்வர் வழியா அனுப்பற ஆப்) சில சமயம் நெரிசல் இல்லாத ரூட்ட பிடிச்சுக் குடுக்கும், ட்ரை பண்ணலாம். டிஎன்எஸ் (வெப்சைட் பேருக்கு அட்ரஸ் நம்பர் தேடித் தர்ற சர்வீஸ்) மாத்தறதால இதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

ரிப்பேருக்கு வாரக்கணக்கா ஆகும், பொறுத்துக்கோங்க, அது நிஜமாவே கஷ்டமான வேலை. கரையிலேர்ந்து ஒளித்துடிப்ப அனுப்பி அது திரும்பி வர்ற நேரத்த வச்சு எங்க அறுந்திருக்குன்னு கண்டுபிடிப்பாங்க, அப்புறம் கப்பல் போய் கொக்கி போட்டு அடியிலேர்ந்து ரெண்டு முனையையும் மேல இழுத்து, முடி மாதிரி இருக்கற இழைகள ஒவ்வொண்ணா உருக்கி ஒட்டணும். 2022 ஜனவரியில எரிமலை வெடிச்சு பசிபிக் தீவு நாடான டோங்காவோட வெளிநாட்டு கேபிள் அறுந்தப்போ அத சரி பண்ண சுமார் 5 வாரம் ஆச்சு.

அதுவரைக்கும் கால்ல வீடியோவ ஆஃப் பண்ணி ஆடியோ மட்டும் வைங்க. தினமும் ஒரே நேரத்துல பிங் போட்டு எழுதி வைங்க, பழைய நம்பர் திரும்ப வந்துச்சுன்னா நியூஸ் வராட்டியும் உங்க ரூட் சரியாயிடுச்சு.