மலேசிய மேல்நிலைப் படிப்பு தமிழ்நாட்டின் பிளஸ் டூவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டு மாணவர் 12ஆம் வகுப்பு வரை பள்ளியிலேயே இருந்து பிளஸ் டூ எழுதுகிறார். இங்கோ ஐந்தாம் படிவ (இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு) முடிவில், ஏறத்தாழ 17 வயதில், எஸ்.பி.எம். எனப்படும் மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வந்துவிடுகிறது. அதன்பின் மெட்ரிகுலேஷன் (இங்கு இது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு), பாலிடெக்னிக், ஆறாம் படிவம் என வழிகள் பிரிகின்றன. ஆறாம் படிவத்தில் எழுதும், பிளஸ் டூவைப் போன்ற எஸ்.டி.பி.எம். தேர்வு மூன்று தவணைகளாக நடப்பதால், ஒரே தேர்வுக்காலத்தில் மாணவரின் தலையெழுத்து முடிவாகிவிடுவதில்லை. இதைப் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புறப்பாட நடவடிக்கைக்கும் 10 விழுக்காடு உண்டு என்பதால், சாரணர் சீருடைக்கும் இங்கு மதிப்புண்டு.

தமிழ்தான் என் கவலை. தமிழ்ப்பள்ளி ஆரம்பக் கல்வியின் ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் பாடங்கள் மலாய்மொழியில் நடக்க, எஸ்.பி.எம். தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் பல மாணவர்கள் பள்ளி முடிந்தபின், மதிய உணவைத் தள்ளிப்போட்டு அமர்ந்து படிக்கிறார்கள்.