தீயணைத்துவிட்டு வந்தவருக்கு மாரடைப்பு: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் கணவர் தனியார் ஆலை ஒன்றின் தீயணைப்புக் குழுவில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தார். வயது 45, சம்பளம் 28,000 ரூபாய். 2025 மார்ச்சில் கிடங்கில் பிடித்த தீயை மூன்று மணி நேரம் போராடி அணைத்தார். திரும்பி வந்து ஓய்வறையில் உட்கார்ந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்றார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. "மாரடைப்பு விபத்து ஆகாது, அவருக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு இருந்தது" என்கிறது நிர்வாகம். இரண்டு லட்சம் தருகிறோம், இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரத்தில் போட்டுவிட்டிருந்தாலும் பதற வேண்டாம். ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் 17-ஆவது பிரிவுப்படி, உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. இறப்புக்கான இழப்பீட்டை, இந்தச் சட்டப்படி இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். உங்கள் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. (2025 நவம்பர் 21 முதல் இதற்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனால் இறப்பு அதற்கு முன்பு நடந்ததால் உங்களுக்குப் பழைய சட்டம்தான்.)

சரி, மாரடைப்பு விபத்தா? ஆகலாம், ஆனால் தானாக ஆகாது. இதில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2006-இல் சகுந்தலா சந்திரகாந்த் ஷ்ரேஷ்டி வழக்கில், இறந்தது ஒரு வாகனத்தின் கிளீனர். வேலைப் பளுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை என்று குடும்பம் தோற்றது. 2012-இல் பரம் பால் சிங் வழக்கில், இறந்தது 1,000 கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டி வந்த டிரைவர். அந்த உழைப்பின் அழுத்தத்தை நீதிமன்றம் ஏற்றது, குடும்பம் ஜெயித்தது. வேலையில் இருந்தபோது இறந்தார் என்பது மட்டும் போதாது, வேலை இதயத்தை என்ன செய்தது என்று காட்ட வேண்டும்.

உங்கள் வழக்கு இரண்டாவது தீர்ப்பின் பக்கம் நிற்கிறது. தீயணைப்பில் இதயம் படும் பாடு ஊகமில்லை. இருபது கிலோவுக்கு மேல் உடையும் மூச்சுக்கருவியும் சுமந்து, வெப்பத்தில் நீர் வற்றி ரத்தம் கெட்டியாகும் நிலையில், உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் துடிக்கிறது. புகையின் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனையும் தடுக்கிறது. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் பணிக்கால இதயநோய் இறப்புகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் அலசி 2007-இல் வெளியிட்டார்கள். மொத்தப் பணி நேரத்தில் தீயை அணைப்பதில் போகும் நேரம் 1 முதல் 5 சதவீதம்தான். இறப்புகளில் 32 சதவீதம் அந்த நேரத்தில் நடந்தவை. அழைப்பு முடிந்து திரும்பும் நேரத்திலும் ஆபத்து கூடுதல் என்று கண்டார்கள், இது உங்கள் வழக்குக்கு முக்கியம். அமெரிக்காவில் 2003 சட்டப்படி, கடும் பணிக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் மாரடைப்பால் இறந்தால் பணியால் நேர்ந்தது என்றே கருதுவார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

ரத்தக் கொதிப்பு வாதத்துக்குப் பயப்படாதீர்கள். இருந்த நோயை வேலை முடுக்கிவிட்டால் போதும். அதோடு, ஆலையின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் கொதிப்பு பதிவாகி, அதன் பிறகும் அவரை நெருப்புக்குள் அனுப்பியிருந்தால், அந்த வாதம் அவர்கள் மேலேயே திரும்பும். அந்த அறிக்கைகளையும், தீ அழைப்புப் பதிவேட்டையும், அன்றைய வருகைப் பதிவையும் தாக்கல் செய்ய உத்தரவிடச் சொல்லி ஆணையரிடம் மனுப் போடலாம். கூட இருந்த இருவரின் சாட்சியம், மருத்துவமனையின் இறப்பு அறிக்கை, ஒரு இதயநோய் மருத்துவரின் கருத்து மூன்றையும் திரட்டுங்கள். பிரேதப் பரிசோதனை இல்லாதது குறைதான், அதனாலேயே வழக்கு சாகாது. சக ஊழியர்களை இப்போதே போய்ப் பாருங்கள். நாள் ஆக ஆக நிர்வாகத்துக்குப் பயந்து வாய் அடைத்துவிடும்.

எவ்வளவு கிடைக்கும்? சம்பளம் 28,000 ஆனாலும் கணக்கில் 15,000 வரைதான் எடுப்பார்கள், எரிச்சலூட்டும் வரம்பு. அதில் பாதியை, 45 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் காரணி 169.44 ஆல் பெருக்கினால் 12,70,800 ரூபாய். உரிய நாளில் தராததற்கு 12 சதவீத வட்டி உண்டு, காரணமின்றி இழுத்தடித்தால் அபராதமும் விதிக்கலாம். அவர்கள் சொன்ன இரண்டு லட்சத்தை இதோடு வைத்துப் பாருங்கள். பிஎஃப், அதன் ஓய்வூதியம், காப்பீடு, கிராஜுவிட்டி எல்லாம் இதில் சேராதவை, தனியாகக் கேளுங்கள்.

நீங்கள் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுச் செய்யலாம். இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், அதாவது 2027 மார்ச் வரை அவகாசம். அதற்கு முன் நிர்வாகத்துக்கு ஒரு நோட்டீஸ் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.