புகார் கொடுக்கும் முன் உங்கள் விளம்பரத்தை ஒருமுறை படியுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறேன். சென்னை ரைனோஸ் 2011, 2012 இரண்டு பருவமும் கோப்பை வென்ற காலத்திலிருந்து, நடிகர்கள் ஆடும் சிசிஎல் கிரிக்கெட் லீக்கின் ரசிகன். இந்த முறை 34 பேரை ஹைதராபாத்துக்கு ஆட்டம் பார்க்க அழைத்துப் போனேன். விமானம், ஹோட்டல், விஐபி இருக்கை, ஆட்டம் முடிந்ததும் நடிகர்களுடன் இரவு விருந்து எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,280 வெள்ளி. இருக்கைக்கும் விருந்துக்குமாகத் தலைக்கு 450 வெள்ளியைச் சென்னையில் உள்ள ஏற்பாட்டாளருக்கு அனுப்பினேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் என்று நம்பினேன். அங்கே போனால் சாதாரண கேலரி டிக்கெட். விருந்து நடக்கவே இல்லை. போஸ்டரில் இருந்த நடிகர் ஒருவர் ஆடவில்லை, பெவிலியனில் உட்கார்ந்திருந்தார். இப்போது 11 பேர் முழுப் பணமும் கேட்டு, சிறு தொகைத் தகராறுகளைத் தீர்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் போலீசிலும் புகார் கொடுத்துவிட்டார். இது நான் நடத்தும் மூன்றாவது பயணம், முன்பு ஒரு புகாரும் வந்ததில்லை. லாபமும் இல்லை, அலைச்சல் செலவுக்கு தலைக்கு 70 வெள்ளி மட்டும்தான் வைத்துக்கொண்டேன். உண்மையில் ஏமாந்தவன் நான். ஏற்பாட்டாளர் மீது இங்கேயே வழக்குப் போடலாமா? அவர் படத்தையும் கைப்பேசி எண்ணையும் ஃபேஸ்புக்கில் போடலாமா? அடுத்த பருவத்துக்கு ஆறு பேர் இப்போதே தலைக்கு 200 வெள்ளி முன்பணம் தந்திருக்கிறார்கள். என் பேரைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஊர்க்காரர் செய்த துரோகம், வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்கியது, வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது எல்லாம் வருத்தம்தான். ஆனால் அவற்றில் எதுவும் வழக்கைத் தொடாது. நடிகர் ஆடாததையும் விட்டுவிடுங்கள். இது தொழில்முறை ஆட்டக்காரர்களின் லீக் இல்லை. படப்பிடிப்புக்கு கால்ஷீட் கொடுத்தவர்கள் கிடைத்த இடைவெளியில் வந்து ஆடுவது. யார் களமிறங்குவார் என்று முந்தின இரவு வரை அந்த நடிகரின் மேனேஜருக்கே தெரியாது. பதினொரு பேரில் ஒருவர் ‘இருபது ஓவர் என்று நினைத்து வந்தேன், பத்து ஓவரில் இன்னிங்ஸ் முடிந்தது’ என்று வேறு எழுதியிருக்கிறார். 2023 முதல் ஒவ்வோர் அணியும் பத்துப் பத்து ஓவராக இரண்டு முறை ஆடுகிறது. பத்தும் பத்தும் இருபதுதான், அவரிடம் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த 34 பேருக்கு விற்றது யார்?

நீங்கள் இணைத்திருக்கும் விளம்பரப் படத்தைப் பாருங்கள். மேலே உங்கள் குழுவின் பெயர். கீழே உங்கள் எண். பணம் போனது, கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் பேநவ் மூலம், உங்கள் கணக்குக்கு. நடுவில் பெரிய எழுத்தில் ‘நடிகர்களுடன் இரவு விருந்து உறுதி’. சென்னை ஏற்பாட்டாளரின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. அவருக்காகத்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று நீங்கள் இப்போது சொன்னால், அப்படி ஓர் ஆள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்பார்கள். அது உண்மையும்கூட. அவர்களோடு ஒப்பந்தம் செய்தவர் நீங்கள். ‘உறுதி’ என்ற சொல்லைப் போட்டவரும் நீங்கள். ஏற்பாட்டாளர் உங்களை ஏமாற்றினாரா என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள தனி வழக்கு. அதைக் காட்டி இந்தப் பதினொரு பேரிடமிருந்து தப்ப முடியாது.

முழு 1,280 வெள்ளியும் அவர்களுக்குக் கிடைக்குமா என்றால், கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். விமானத்தில் போனார்கள், ஹோட்டலில் தூங்கினார்கள், ஆட்டமும் பார்த்தார்கள். கிடைக்காமல் போன இருக்கைக்கும் விருந்துக்கும் உள்ள மதிப்பைத்தான் கேட்க முடியும். ஆனால் அதோடு நிற்கும் என்று நம்ப வேண்டாம். 1969இல் இங்கிலாந்தில் ஜார்விஸ் என்பவர் 63 பவுண்டுக்கு ஒரு சுவிஸ் விடுமுறை வாங்கி, சொன்னவற்றில் பலவும் இல்லாமல் ஏமாந்தார். அவருக்கு 125 பவுண்டு கொடுக்கச் சொன்னது மேல்முறையீட்டு நீதிமன்றம். உல்லாசம் என்று சொல்லி விற்றதில் உல்லாசம் இல்லாமல் போனால் அந்த ஏமாற்றத்துக்கும் விலை உண்டு என்றார்கள். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் அதே வாதத்தை எடுத்துவைக்க யாருக்கும் தடையில்லை.

சரி, இவ்வளவு வரை எந்த வழக்கறிஞரும் சொல்வார். நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் ஒரு வரிக்காக. ‘இது மூன்றாவது பயணம், முன்பு ஒரு புகாரும் வந்ததில்லை.’

இந்த வரியை ஸ்மால் கிளெய்ம்ஸ் பதிலில் முதல் பத்தியிலேயே போடப் போகிறீர்கள், இல்லையா? எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நல்லவன் என்று காட்ட நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பயணத்தைத் தொகுத்து விற்பதைத் தொழிலாக நடத்த, பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் நடத்துவது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து செலவைப் பங்குபோட்டுக்கொண்டு ஊருக்குப் போவது தொழில் ஆகாது. ஆனால் விளம்பரம் அடித்து, தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்து, மூன்று முறை நடத்தி, ஒவ்வொரு தலைக்கும் 70 வெள்ளி எடுத்துக்கொண்டால்? 34 பேருக்கு அது 2,380 வெள்ளி. நீங்கள் அதை அலைச்சல் செலவு என்கிறீர்கள். பில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் ஒன்றையும் காணோம்.

இது தொழில் அல்ல என்று வாதிட இடம் இருக்கிறது. அந்த வாதத்தை ஆயிரம் வெள்ளித் தகராறுக்காக, வழக்கறிஞர் உள்ளே வர முடியாத ஒரு மன்றத்தில், நீங்களே உங்கள் வாயால் தொடங்கி வைக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். ஆறுபடை வீட்டுக்கு ஆட்களை அழைத்துப் போகிறவர். பக்திமான், காசு ஆசை கிடையாது. ஹோட்டல் சரியில்லை என்று ஒரு குடும்பம் 900 வெள்ளி கேட்டது. அவமானமாக நினைத்து, பத்து வருடமாக இத்தனை பேரை அழைத்துப் போயிருக்கிறேன் என்று ஆண்டுவாரியாகப் பட்டியல் போட்டுப் பதில் கொடுத்தார். அந்தப் பட்டியல் போக வேண்டாத மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் அந்த 900 வெள்ளியைப் பற்றி யாருமே பேசவில்லை. அவர் என்னைப் பார்க்க வந்ததே அந்தக் கட்டத்தில்தான்.

ஏற்பாட்டாளர் மீது நீங்கள் வழக்குப் போட்டாலும் இதே குழிதான். இன்னும் ஆழமானது. சத்தியப் பிரமாணத்தில் என்ன எழுதுவீர்கள்? நான் பயணங்கள் நடத்துகிறேன், அதற்காக இவருக்கு 15,300 வெள்ளி கொடுத்தேன் என்றுதானே. உரிமம் எங்கே என்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியாக இருக்கும். சட்டத்துக்கு வெளியே நடந்த வியாபாரத்துக்கு நீதிமன்றம் கை கொடுக்கக்கூடாது என்றும் சொல்வார். அதையும் தாண்டி வென்றீர்கள் என்றே வையுங்கள். இந்தியா நேரடியாக நிறைவேற்றுவது இங்குள்ள உயர்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்பைத்தான், ஸ்மால் கிளெய்ம்ஸ் உத்தரவு அந்த வகையில் சேராது. சென்னையிலேயே வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் உங்களிடம் இருப்பது எழுத்து ஒப்பந்தம் இல்லை, குரல் பதிவுகள். பணம் போனதும் அவர் கணக்குக்கு இல்லை, அவர் மச்சான் கணக்குக்கு. அங்கே ஒரு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள். கொஞ்சம் திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அந்தப் பணத்தின் பின்னால் ஓட வேண்டாம்.

ஃபேஸ்புக்கில் படமும் எண்ணும் போடுவது அறவே கூடாது. ஒருவருக்குத் தொல்லை தரும் நோக்கத்தோடு அவரது அடையாள விவரங்களை வெளியிடுவது துன்புறுத்தலுக்கு எதிரான சட்டத்தின்படி குற்றம். அவர் உங்களை ஏமாற்றியவர் என்பதால் அது உங்களுக்கு அனுமதி ஆகிவிடாது.

ஆகவே சமரசம். மானம் போகும் என்று யோசிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். பதினொரு பேருக்குத் தலா 450 என்றால் 4,950 வெள்ளி. இருக்கைக்கும் விருந்துக்கும் நீங்களே வைத்த விலை அதுதான், அதனால் குறைத்துப் பேசுவது கஷ்டம். விஷயம் மாலைக்குள் மற்ற 23 பேர் காதுக்குப் போய்விடும். இன்னும் 10,350 வெள்ளி தயாராக இருக்க வேண்டும். ஐயாயிரம் வெள்ளி வரை கேட்கிற பயனீட்டாளருக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் கட்டணம் பத்து வெள்ளிதான். தேக்காவில் ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. 23 பேரும் அதைக் கட்ட யோசிக்க மாட்டார்கள். கையில் மொத்தமாக இல்லையென்றால் தவணை கேளுங்கள். விசாரணைக்கு முந்தைய கலந்துபேசும் கட்டத்திலேயே இதை முடித்துவிடலாம்.

எப்படி முடிப்பது என்பதிலும் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். குழுவில் ‘எல்லாருக்கும் பணத்தைத் திருப்பித் தருகிறேன், தப்பு என் மேல்தான்’ என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிடாதீர்கள். அது 1,280க்கும் ஒப்புதல் என்று காட்டப்படும். ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேசுங்கள். ‘உரிமைக்குப் பாதகமின்றி’ (without prejudice), அதாவது சமரசம் முறிந்தால் இந்தப் பேச்சை எனக்கு எதிராகக் காட்டக்கூடாது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பொறுப்பை ஏற்காமல், முழுமையான இறுதித் தீர்வாக இவ்வளவு என்று ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

அந்தத் தாளில் போலீஸ் புகாரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. புகாரைத் திரும்பப் பெற்றால் பணம் தருகிறேன் என்று வாயாலும் சொல்ல வேண்டாம். பயணத்துறைக் கழகத்திடம் போகாதே என்ற நிபந்தனையும் வேண்டாம். இப்படிப் பேசித்தான் சிவில் தகராறைக் கிரிமினல் விவகாரமாக ஆக்கிக்கொள்கிறார்கள். மோசடிக் குற்றத்துக்குப் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கிய 450ஐ அப்படியே அனுப்பியதற்கு வங்கிப் பதிவு இருக்கிறது. அது உங்களுக்குத் துணை. போலீஸ் கூப்பிட்டால், போவதற்கு முன் ஒரு கிரிமினல் வழக்கறிஞரைப் பாருங்கள், போன பிறகு பொய் சொல்லாதீர்கள். உரிமம் இருந்ததா என்று கேட்டாலும் அதேதான். நானாக முன்வந்து வாக்குமூலம் எழுதாதீர்கள் என்கிறேனே தவிர, மறைக்கச் சொல்லவில்லை. விளம்பரத்தை அழித்துவிட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 34 பேர் கைப்பேசியிலும் அது இருக்கிறது. இனி எதையும் அழிக்க வேண்டாம், அழித்தது தனிக் குற்றச்சாட்டாக வந்து நிற்கும்.

கடைசியாக, அடுத்த பருவத்துக்கு ஆறு பேரிடம் வாங்கிய 1,200 வெள்ளி. அதை இன்றே பேநவ்வில் திருப்பி அனுப்புங்கள். நாளை வரை காத்திருக்க வேண்டாம்.