போய்ப் பார்க்கிற காசு

அன்புள்ள ஐயா,

சேலத்திலும் ஏற்காட்டிலுமாக நாங்கள் ஏழு பேர் இருக்கிறோம். மலைக்கிராமத்து மக்கள் கைப்பேசியில் அனுப்பும் செய்திகளைத் தொகுத்து மூன்று ஆண்டுகளாக இணையத்தில் வெளியிடுகிறோம். யாருக்கும் சம்பளம் இல்லை. இப்போது கைக்காசும் தீர்ந்துவிட்டது. விளம்பரம் வாங்கினால் கை கட்டுப்படும். கட்டணம் வைத்தால் செய்தி அனுப்புகிறவர்களே படிக்க முடியாது. வெளிநாட்டு நிதி கேட்கலாமா? மக்களே செய்தி எழுதும் தென்கொரிய இணைய இதழ் ஓமைநியூஸ் எப்படிச் சமாளித்தது? வாசகர்களிடம் கையேந்தக் கூச்சமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா என்றும் தோன்றுகிறது.

ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள வாசகிக்கு,

ஆடிப் பண்டிகைக்கு எங்கள் தெருவில் வசூல் தொடங்கிய வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ‘கையேந்த’ என்ற சொல்லைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டு நிதியை மறந்துவிடுங்கள். செய்தித் தொழிலில் இருப்பவர்கள் அதைப் பெறுவதற்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் கடுமையான தடைகள் இருக்கின்றன. விளம்பரத்தைப் பற்றிய பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஓமைநியூஸ் 2000 பிப்ரவரியில் 727 குடிமக்கள் செய்தியாளர்களோடு தொடங்கியது. ‘ஒவ்வொரு குடிமகனும் செய்தியாளரே’ என்ற அதன் முழக்கத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மக்கள் அனுப்பியதைப் படித்துச் சரிபார்க்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு ஒன்று அங்கே இருந்ததை யாரும் சொல்வதில்லை. எழுதியவருக்கும் சிறு தொகை கொடுத்தார்கள். விளம்பர வருமானத்தை நம்பி நிற்க முடியாது என்று ஆனதும், 2009-ல் மாதம் பத்தாயிரம் வொன் (கொரிய நாணயம்) தரும் ஒரு லட்சம் உறுப்பினர்கள் வேண்டும் என்று வாசகர்களிடமே போய் நின்றார்கள். சரிபார்ப்பு சத்தீஸ்கரில் 2010-ல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா என்ற தொலைபேசிச் செய்திச் சேவையிலும் உண்டு. பழங்குடி மக்கள் தொலைபேசியில் பேசிப் பதிவுசெய்வதை ஒருவர் கேட்டுச் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். செய்தி சும்மா வரலாம். சரிபார்ப்பது சும்மா நடக்காது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எண்பதுகளில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் மாதம் இருமுறை ஓர் உருட்டச்சு (சைக்ளோஸ்டைல்) தாள் கொண்டுவந்தோம். நான்கு பக்கம். ஸ்டென்சில் வெட்டுவது என் வேலை. ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பும் துண்டுச் சீட்டுகள்தான் எங்கள் செய்தி. விலை போடவில்லை, நன்கொடையும் கேட்கவில்லை. கேட்டால் எங்கள் தூய்மை கெட்டுவிடும் என்று நினைத்தோம்.

ஓர் ஐப்பசியில் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து சீட்டு வந்தது. ரேஷன் கடை இரண்டு வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது, விற்பனையாளர் அரிசியைக் கீழே விற்றுவிட்டார் என்று இருந்தது. மேலே போய்ப் பார்க்கலாம் என்று நண்பன் சொன்னான். இரண்டு பேர் போய்வரப் பஸ்ஸுக்குக் காசில்லை. இருந்த காசை மைக்கும் தாளுக்கும் கொடுத்திருந்தோம். அப்படியே அச்சடித்தோம்.

பத்து நாள் கழித்து அந்த விற்பனையாளர் எங்கள் அறைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி இடது தோளைக் காட்டினார். தோல் உரிந்து, பொருக்குத் தட்டி, சாக்கின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. மழையில் பாதை சரிந்து லாரி ஏறவில்லை. வளைவில் இறக்கிப் போட்ட மூட்டைகளைப் பிரித்து, அவரும் அவர் மகனும் தோளில் சுமந்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். கடை பூட்டிக் கிடந்தது அதனால்தான். எங்கள் தாளைக் காட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “ஒரு தடவை மேலே வந்து பார்த்திருக்கக் கூடாதா சார்?” என்று கேட்டார்.

மறு இதழில் மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு நாங்கள் அந்தத் தாளை நடத்தவில்லை.

இப்போது சொல்லுங்கள். பஸ் காசு கேட்க வெட்கப்பட்ட எங்கள் தூய்மைக்கு விலை கொடுத்தவர் யார்?

ஆடியில் சேலம் குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு செலவு! ரசீதுப் புத்தகத்தோடு தெருத்தெருவாகப் போகிறவர்களில் யாராவது கூசி நிற்கிறார்களா? வாசலில் நின்று, “போன வருசம் நூறு, இந்த வருசம் இருநூறாகப் போடுங்கள்” என்று உரிமையோடு கேட்கிறார்கள். கொடுக்கிறவரும் பிச்சை போட்டதாக நினைப்பதில்லை. வரி கட்டிவிட்டேன் என்கிறார். பண்டிகை முடிந்ததும் வரவு செலவைச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் சண்டைக்கு வருவதற்கு நாலு பேர் இருக்கிறார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரியாக நம் ஊர்களில் எத்தனையோ தலைமுறையாக நடந்துவருகிற ஏற்பாடு இது. அம்மனுக்குக் கேட்கலாம், ஊரின் உண்மைக்குக் கேட்கக் கூடாதா? உங்கள் கூச்சத்தை நான் அடக்கம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். கணக்குக் காட்டவேண்டி வருமே என்ற சோம்பல் அது. கேட்பவருக்கு ஊர் கேள்வி கேட்கும். கேட்கட்டுமே! அந்தக் கேள்விதான் உங்களைக் காப்பாற்றும்.

கட்டணம் வேண்டாம். செய்தியைப் பூட்டாதீர்கள். மலையிலிருப்பவர் இலவசமாகவே படிக்கட்டும். கீழே சேலத்தில் மாதச் சம்பளம் வாங்குபவர்களிடம் வரியாகக் கேளுங்கள். எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். வருகிற முதல் பணத்தில் கேமரா வாங்காதீர்கள். தளத்தை அழகுபடுத்தாதீர்கள். போய்ப் பார்த்துவிட்டு வர ஒரே ஓர் ஆளை அமர்த்துங்கள், அரை நாள் சம்பளமானாலும் சரி.

கண்ணு, கடுமையாக எழுதிவிட்டேன். மூன்று ஆண்டு ஏழு பேர் கைக்காசு போட்டுத் தாங்கியிருக்கிறீர்கள். எங்களால் அதில் பாதிகூட முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

போன மாதம் நீங்கள் வெளியிட்ட குடிநீர்த் தொட்டிச் செய்தியை இன்று மறுபடி படித்தேன். தொட்டி கட்டாமலே பணம் எடுத்துவிட்டதாக ஒருவரைக் குற்றம் சாட்டியிருக்கிறீர்கள். கீழே ‘வாசகர் அனுப்பிய தகவல்’ என்று மட்டும் இருக்கிறது. யாராவது போய்ப் பார்த்தீர்களா? இல்லையென்றால் நாளைக் காலையில் போங்கள். பஸ் டிக்கெட்டைப் படம் எடுத்து அந்தச் செய்திக்குக் கீழே போடுங்கள். அதற்கான காசை இன்று அனுப்பியிருக்கிறேன்; எனக்கு ரசீது வேண்டும்.