ஆற்றுக் கப்பலில் ஒரு வாரம், மோட்டார் ஹோமில் இரண்டு வாரம்: அவசரமில்லாத ஐரோப்பியக் கோடை

கேள்வி: எனக்கு 64 வயது, மனைவிக்கு 60. திருச்சியில் இருக்கிறோம். மகன் ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கிறான். வரும் ஜூனில் ஐந்து வாரம் அவனிடம் போகிறோம். அதில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை 15 நாள் ஆற்றுக் கப்பல், பிறகு மோட்டார் ஹோம் (படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து 12 நாளில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று நினைத்திருக்கிறோம். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா? கப்பலா, வண்டியா, எதை முதலில் வைத்துக்கொள்வது?

பதில்: கப்பலை முதலில் வையுங்கள். நம் லைசென்ஸும் செல்லும், அதற்கான காகிதத்தோடு. இந்த இரண்டுக்கும் விளக்கம் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் திட்டத்தையே பாதியாகக் குறைக்கச் சொல்லப்போகிறேன். 12 நாளில் மூன்று நாடு என்றால் நீங்கள் பகல் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பீர்கள், உங்கள் மனைவி பகல் முழுக்க மடக்கிய காலோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மோட்டார் ஹோமின் சுகமே வண்டி நிற்கும்போதுதான். கதவைத் திறந்தால் ஆறு, அடுப்பில் காபி, அன்றைக்குப் போக வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லாத ஒரு காலை. அது கிடைக்க, ஓர் இடத்தில் மூன்று இரவாவது தங்க வேண்டும்.

கப்பலுக்கு வருகிறேன். ஆம்ஸ்டர்டாம் முதல் புடாபெஸ்ட் வரையான பாதை புகழ்பெற்றது, ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். ரைன், மைன், டான்யூப் என்ற மூன்று ஆறுகளையும் 1992-ல் திறந்த 171 கிலோமீட்டர் கால்வாய் இணைக்கிறது. கப்பலை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் லாக் அறைகள் வழியெங்கும் 60-க்கு மேல் வரும். அந்தக் கால்வாயின் லாக் 12 மீட்டர் அகலம், கப்பல் 11.4 மீட்டர். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் கப்பல் நுழைவதைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் பத்தாவது லாக்கிலும், இரவு இரண்டு மணிக்கும், சன்னலுக்கு வெளியே வெறும் கான்கிரீட் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணம் தண்ணீர். இந்தப் பாதையில் கப்பல் தடைபடக்கூடிய இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, ரைனில் காவுப் என்ற சிற்றூரை ஒட்டிய பகுதி. 2018 அக்டோபரில் அங்கே அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. (அந்த எண் ஆற்றின் ஆழமல்ல, அளவுகோலின் கணக்கு. கப்பல் செல்லும் தடத்தில் ஆழம் அதைவிடக் கூடுதல்.) மற்றொன்று, டான்யூபில் ஸ்ட்ராவ்பிங் முதல் வில்ஸ்ஹோஃபன் வரை அணைகள் இல்லாமல் ஆறு தன் போக்கில் ஓடும் பகுதி. தண்ணீர் குறைந்தால் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, தடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேறொரு கப்பலில் கொண்டுபோய் விடுவார்கள். பெட்டி கட்டி, இறங்கி, ஏறி என்று முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய அலைச்சல்.

ஆகவே என் யோசனை: பாசாவில் ஏறி, புடாபெஸ்ட் போய், பாசாவுக்கே திரும்பும் ஏழு இரவுப் பயணம். இந்தப் பாதையில் பாசாவ் அந்த இரண்டு இடங்களையும் தாண்டி இருக்கிறது. டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் கூடும் ஊர். மூன்று நிறத் தண்ணீரும் கலக்கும் முனை வரை நடந்து போகலாம். பிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலில் போய்விடலாம். புடாபெஸ்ட் வரை ஏறத்தாழ 580 கிலோமீட்டர். கரையில் கிலோமீட்டர் பலகைகளைக் கவனியுங்கள். ரைனில் எண்கள் நீரோட்டத்தோடு ஏறும். டான்யூபிலோ கடலிலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள், அதனால் நீங்கள் போகப் போக எண் குறைந்துகொண்டே வரும்.

கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும்தான் தண்ணீர் பெரும்பாலும் வற்றும். ஜூனில் ஆல்ப்ஸ் பனி உருகி வருவதால் அந்தக் கவலை குறைவு. வெள்ளம் வருவதுதான் ஜூனின் ஆபத்து. 2013 ஜூன் 3-ஆம் தேதி பாசாவில் ஆறு 12 மீட்டரைத் தாண்டி நின்றது. 2024 ஜூன் தொடக்கத்திலும் வெள்ளம். வெள்ளத்தில் கப்பல் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. "பாதை மாறினால் எவ்வளவு பணம் திருப்புவீர்கள்?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

விலைப்பட்டியலில் வராத இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "வாஹாவ் பள்ளத்தாக்கைப் பகலில் கடப்பீர்களா, இரவிலா?" ஆஸ்திரியாவில் மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர்; படிக்கட்டு போல அடுக்கடுக்காகத் திராட்சைத் தோட்டங்கள், ஆப்ரிகாட் மரங்கள், இங்கிலாந்து அரசர் ரிச்சர்டு 1192-ன் குளிர்காலத்தில் சிறை இருந்த டுயூர்ன்ஸ்டைன் கோட்டை. மொத்தப் பயணத்தின் சிகரம் அந்தச் சில மணி நேரம். அதை உறக்கத்தில் கடக்கிற பயணத்திட்டங்களும் உண்டு.

கேபின் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அடித்தளம்தான் மலிவு, ஆனால் அங்கே சன்னல் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சிறியதாக, திறக்க முடியாததாக இருக்கும். பல கப்பல்களில் லிஃப்ட் அடித்தளத்துக்கும் வராது, மேல்தளத்துக்கும் போகாது. நடுத்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் எஞ்சின் சத்தம். துறைகளில் கப்பல்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டுவார்கள். அப்போது உங்கள் பால்கனிக்கு எதிரே அடுத்த கப்பலின் பால்கனிதான் இருக்கும். கரைக்குப் போக அந்தக் கப்பலைக் கடந்து, சில சமயம் மாடிப்படி ஏறி இறங்கித்தான் போக வேண்டும். இதை உங்கள் மனைவியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஊர் சுற்றலில் மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக்குழு உண்டா என்றும் கேளுங்கள். பழைய ஊர்களில் தெருவெல்லாம் உருண்டைக்கல் பதித்தது. சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே, "முட்டை, மீன், இறைச்சிச் சாறு கூடாது" என்று விரித்து எழுதுங்கள். சூப்பில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும்.

ஏன் கப்பல் முதலில்? நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உடம்பின் கடிகாரம் சரியாகச் சில நாளாவது ஆகும். அந்த நாட்களில் பழகாத வண்டியை, சாலையின் வலப்பக்கமாக ஓட்டக் கூடாது. கப்பலில் ஒரு வாரம் யாரோ ஓட்டட்டும்.

இனி லைசென்ஸ். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்குங்கள்; அசல் லைசென்ஸோடு சேர்த்தால்தான் அது செல்லும். அதற்கு முன் அசலின் காலாவதித் தேதியைப் பாருங்கள். 55 வயதைத் தாண்டினால் ஐந்தைந்து ஆண்டுக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வண்டி 3.5 டன்னுக்கு மேற்படாததாக இருக்கட்டும். அந்த எடை உங்களையும் பெட்டிகளையும் தண்ணீரையும் சேர்த்துத்தான். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ.

சினிமாப் படப்பிடிப்பில் கேரவன் என்கிறோமே, அந்தப் பேருந்து அளவு உங்களுக்கு வேண்டாம். ஆறேழு மீட்டர் நீளம், ஆட்டோமேட்டிக் கியர், அது போதும். படுக்கையைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். குறுக்கே போட்ட கட்டிலில் உள்பக்கம் படுத்தவர் எழ வேண்டுமானால் மற்றவரைத் தாண்ட வேண்டும். நீளவாக்கில் இரண்டு தனிக்கட்டில் இருக்கும் வண்டியைக் கேளுங்கள், அதிலும் கட்டிலுக்கு அடியில் பெரிய சாமான் அறை இல்லாததாக. அந்த அறை இருந்தால் கட்டில் உயர்ந்து, ஏற இரண்டு மூன்று படி வந்துவிடும். நடு இரவில் முழங்கால் வலியோடு இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் புரியும்.

வாடகை வண்டியை எடுக்கும் நாளில் மகனையும் அழைத்துப் போங்கள். வண்டியைப் பற்றி அவர்கள் விளக்கம் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழுவதையும் கைபேசியில் வீடியோ எடுங்கள். வண்டியின் உயரத்தை மீட்டரில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவையுங்கள். தாழ்வான நுழைவாயிலில் கூரை இடித்தால் பல ஒப்பந்தங்களில் காப்பீடு கை கொடுக்காது. பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஒருவர் இறங்கி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கே போவது? மோசெல் ஆறு. கோப்லென்ஸிலிருந்து ட்ரியர் நகரம் நேர்க்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆறு வளைந்து வளைந்து 190 கிலோமீட்டர் ஆக்கிவிடுகிறது. அந்த வளைவுகளுக்கு இரண்டு வாரமும் போதாது. பிராங்க்பர்ட்டிலிருந்து பிங்கன் போய், ரைனின் இடக்கரைச் சாலை பி9-ல் வடக்கே செல்லுங்கள். அங்கே வலப்பக்கமாக ஓட்டுவதால் ஆறு உங்கள் மனைவி உட்காரும் பக்கம் வரும். எதிர்க்கரையில் காவுப், ஆற்றின் நடுவே சிறு கோட்டை, பிறகு 132 மீட்டர் உயர லோரலை பாறை. கோப்லென்ஸில் மோசெல் வந்து ரைனில் சேர்கிறது. அங்கிருந்து கோஹெம், பிரெம், பெர்ன்காஸ்டல், ட்ரியர். நான்கு இடம், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு. பிரெம் ஊரின் கால்மோண்ட் சரிவு ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. நீங்கள் ஏற வேண்டாம், கீழே நாற்காலி போட்டுப் பார்த்தாலே போதும்.

இந்த ஊர்களில் மோட்டார் ஹோமுக்கென்றே "ஷ்டெல்பிளாட்ஸ்" என்ற நிறுத்துமிடங்கள் உண்டு, பல ஆற்றின் விளிம்பிலேயே. முகாம் மைதானங்களை விட மலிவு, ஆனால் குளியலறை இல்லாமல் இருக்கலாம். நாணயம் போட்டால் மின்சாரம் தரும் பழைய பெட்டிகளுக்கு யூரோ நாணயங்கள் சேர்த்துவையுங்கள். சாதாரணப் பார்க்கிங்கில் களைப்பு தீர ஓர் இரவு உறங்கலாம், ஆனால் நாற்காலி, பந்தல் விரிக்கக் கூடாது. முகாம் மைதானங்களில் மதியம் 1 முதல் 3 வரை கேட்டை மூடிவிடும் வழக்கம் உண்டு. காலையிலோ மூன்றுக்குப் பிறகோ போய்ச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, பாலும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

சமையல் பற்றி என் சொந்த அனுபவம். நானும் கணவரும் முதன்முதலில் போனபோது ஊரிலிருந்து இண்டக்ஷன் அடுப்பு கொண்டுபோனோம். முதல் மாலையே ஃபியூஸ் போய், முகாம் பொறுப்பாளர் உறங்கிவிட்டதால் இருட்டில் ரொட்டி தின்று படுத்தோம். பல இடங்களில் 6 ஆம்பியர்தான் தருகிறார்கள். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். நம் அடுப்பு 2,000 வாட் இழுக்கும். வண்டியிலேயே கேஸ் அடுப்பு இருக்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்றும், தாளிப்புக் கரண்டி ஒன்றும் கொண்டுபோனால் சோறும் சாம்பாரும் தடையில்லாமல் நடக்கும். அரிசி, பருப்பு, பொடி வகைகள் எடுத்துப் போகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள்களைப் பயணப் பையில் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், காய வைத்துப் பொடியாக்கிவிடுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுங்கள். இல்லையென்றால் கழிவுநீர்த் தொட்டி இரண்டாம் நாளே நாறத் தொடங்கும். கழிவறைப் பெட்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும் கொட்ட வேண்டும். அந்த வேலையைக் கணவர்கள் எடுத்துக்கொள்வது நல்லது.

ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்குவது ஜெர்மனி என்பதால் ஜெர்மன் விசாதான் கேட்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. தங்குமிடச் சான்றுக்கு மகனின் அழைப்புக் கடிதம், கப்பல் சீட்டு, மோசெல் முகாம்களில் முன்பதிவு மூன்றையும் இணையுங்கள். ஜூன் கடைசிக்குள் மோசெலை முடித்துவிடுவது நல்லது. பிறகு ஒவ்வொரு மாநிலமாகப் பள்ளி விடுமுறை தொடங்கும், வெயிலும் ஏறும். வாடகை வண்டிகள் பலவற்றில் நின்றிருக்கும்போது ஏ.சி. ஓடாது.

கோஹெமில் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, பகல் படகில் பெய்ல்ஸ்டைன் என்ற சின்ன ஊருக்குப் போய் வாருங்கள். வழியில் ஒரு லாக்கும் கடக்கும். மோசெலில் அடுத்தடுத்து அணைகள் கட்டி நீரைத் தேக்கியிருப்பதால், ரைன் வற்றும் காலத்திலும் இங்கே படகுகள் பெரும்பாலும் ஓடும். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைத் துறைப் பலகையில் பார்த்துக் குறித்துக்கொண்டு ஏறுங்கள்.