பீட்டில்ஸ் குழுவின் 1963 ஆல்பம் அட்டையில் பாதி முகம் ஏன் இருட்டில் இருக்கிறது?

ஸ்டூடியோ விளக்கே இல்லாமல் எடுத்த படம் அது. ‘வித் தி பீட்டில்ஸ்’ அட்டைக்காகப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃப்ரீமன் 1963 ஆகஸ்டில், இங்கிலாந்தின் போர்ன்மத் ஊரில், அவர்கள் தங்கிய ஹோட்டலிலேயே எடுத்தார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் விழுகிறது. பின்னால் அடர்நிறத் திரை. உடம்பில் கழுத்தை மூடிய கறுப்பு ஸ்வெட்டர். கறுப்போடு கறுப்பு கரைந்துபோய், நான்கு முகங்கள் மட்டும் பிறைநிலா மாதிரி மிதக்கின்றன. யாருமே சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? பாப் குழு என்றால் பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்றிருந்த காலம் அது!

குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ மட்டும் கீழே வலது மூலையில். சதுர அட்டையில் நான்கு தலைகளையும் ஒரே வரிசையில் வைத்தால் மேலும் கீழும் வெறிச்சென்று கிடக்கும். குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரும் அவர்தான்.

இந்தப் பாதி இருட்டு ஃப்ரீமனின் சொந்தச் சரக்கு இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புகைப்படக் கலைஞர் ஆஸ்ட்ரிட் கிர்ஷேர் பீட்டில்ஸை முன்பே இப்படி எடுத்திருந்தார்.