ட்ரெட்மில்லில் ஏற்ற ஓட்டம்: வாசகர் கேள்விகள்

சாய்வு வைத்து ஓடினால் முழங்காலுக்கு அடி குறையும் என்கிறார்களே, நிஜமா?

பெரும்பாலும் நிஜம். சமதளத்தில் குதிகால் ஊன்றி ஓடுபவருக்கு, கால் பட்ட 50 மில்லி விநாடிக்குள் ஓர் அதிர்ச்சி எகிறும். ஏற்றத்தில் பெல்ட் பாதத்தை நோக்கி உயர்ந்திருப்பதால் கால் குறைந்த உயரத்திலிருந்தே இறங்குகிறது. முன்பாதம் முதலில் படுகிறது. காட்ஷால், கிராம் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 9 டிகிரி இறக்கத்தில் இந்த அதிர்ச்சி 54 சதவீதம் கூடியது, ஏற்றத்தில் குறைந்தது. ஆனால் கால் ஊன்றியிருக்கும் நேரத்தின் நடுவே உடலைத் தாங்கும் விசை, அதாவது உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், அதிகம் மாறவில்லை. இன்னொன்று, 9 டிகிரி என்பது திரையில் ஏறக்குறைய 16 சதவீதம். பல மெஷின்கள் 15-க்கு மேல் போவதே இல்லை. 3 சதவீதம் வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்காதீர்கள்.

முழங்கால் தேவலை. இப்போது காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைக்கிறது.

குதிகால் நாண் (கெண்டைச்சதையைக் குதிகாலோடு இணைப்பது) தாங்கவில்லை. அதே ஆய்வில், 9 டிகிரி ஏற்றத்தில் உந்தும் விசை 75 சதவீதம் கூடியது. முன்பாதம் ஊன்றி, குதிகால் கீழே தணியும்போது கெண்டைச்சதையும் நாணும் இழுபட்ட நிலையிலேயே பாரம் வாங்குகின்றன. சாய்வை 0–1 சதவீதத்துக்கு இறக்குங்கள். சமதரையில் நின்று, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். படி விளிம்பில் தொங்கவிட வேண்டாம். காலை விறைப்பு அடங்கிய பிறகு வாரத்துக்கு 1 சதவீதம் ஏற்றலாம், ஆனால் அதே வாரத்தில் வேகத்தைத் தொடக்கூடாது. திடீரென 'பட்' என்று அறுந்தாற்போல் வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

சமதளத்தில் 10 கி.மீ. வேகம். 5 சதவீதத்தில் எவ்வளவு வைப்பது?

மணிக்கு 8 கி.மீ. ஓடும்போது உடல் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கும் என்று பார்க்கும் வழக்கமான கணக்குப்படி இரண்டுக்கும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். 10-லேயே விட்டால் சமதளத்தில் 12 ஓடும் மூச்சு வாங்கும்.

கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாமா?

ஏற இறங்க மட்டும். பிடித்துச் சாய்ந்தால் எடையில் ஒரு பங்கு கைக்குப் போய்விடும். திரை காட்டும் கலோரிக்கு அது தெரியாது. பிடிக்காமல் முடியவில்லையென்றால் சாய்வு அதிகம்.

மலை ஓட்டப் போட்டிக்கு இது போதுமா?

ஏறுவதற்குப் போதும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். அந்தப் பழக்கம் ஏற்றத்தில் கிடைக்காது. போட்டிக்கு மறுநாள் படியிறங்க முடியாமல் போவது இதனால்தான். வாரம் ஒருமுறை மிதமான சரிவில் சின்னச் சின்ன அடிகளாக இறங்கிப் பழகுங்கள், முதல் வாரம் 5 நிமிடம் போதும்.